7 மாத மார்வாரிக் குதிரைக் குட்டிக்கு மூட்டு உடுக்கை மாதிரி புடைக்குது – தீவனத்துல என்ன மாத்தணும்?

மேட்டுத்தோட்டம்:
வணக்கம். மார்வாரி ஆண் குட்டி, 7 மாசம். தாய்கிட்ட இருந்து பிரிச்சு ஒரு மாசம் ஆச்சு. மார்புச் சுற்று 120 செ.மீ., தோள் முனையில இருந்து பிட்டம் வரைக்கும் நீளம் 112 செ.மீ.

தினமும் கொடுக்கறது: கோதுமைத் தவிடு ஒன்றரை கிலோ, கொள்ளு ஒரு கிலோ (காய்ஞ்ச எடை, வேக வெச்சுக் கொடுக்கறோம்), உடைச்ச மக்காச்சோளம் அரை கிலோ, கோ-4 பச்சைப்புல் 8 கிலோ சுமாருக்கு. தோல் பளபளன்னு இருக்கு, விலா தெரியல. ஆனா ரெண்டு வாரமா ரெண்டு முன்னங்காலுலயும் குளம்புக்கு மேல இருக்கற மூட்டு, நடுவுல ஒடுங்கி மேலயும் கீழயும் புடைச்சு, உடுக்கை மாதிரி தெரியுது. தொட்டா லேசா சூடு. நடை கொஞ்சம் விறைப்பு. கால்சியம் டானிக் ஊத்தினா சரியாகுமா? தவிட்டை இன்னும் கூட்டலாமா?

லாயக்கணக்கு:
தவிட்டைக் கூட்ட வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். உங்கள் குட்டிக்குத் தீவனம் குறையவில்லை. சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தலைகீழாகப் போகின்றன.

முதலில் எடை. மார்புச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, பால் மறந்த குட்டிக்கு 10,100-ஆல் வகுக்க வேண்டும் (ஒரு வயதுக் குட்டிக்கு 10,900, வளர்ந்த குதிரைக்கு 11,900). 120 × 120 × 112 ÷ 10,100 என்றால் கிட்டத்தட்ட 160 கிலோ. வளர்ந்தபின் 380 கிலோ வரக்கூடிய குட்டிக்கு இந்த வயதில் ஒரு நாளைக்குக் கால்சியம் 29 கிராம், பாஸ்பரஸ் 16 கிராம், புரதம் 510 கிராம் அளவில் தேவை. கால்சியம் எப்போதும் பாஸ்பரஸைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சமமாக வந்தாலே அது எல்லைக்கோடு.

உங்கள் தொட்டியில் என்ன இருக்கிறது? ஒன்றரை கிலோ தவிட்டில் மட்டும் பாஸ்பரஸ் 17 கிராம், கால்சியம் வெறும் 2 கிராம். கொள்ளும் மக்காச்சோளமும் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம். புல்லையும் கூட்டினால் கால்சியம் 11, பாஸ்பரஸ் 26 கிராம் அளவில் நிற்கிறது. அந்தப் 11-ம் கணக்கில்தான் இருக்கிறது, உடம்பில் சேர்வதில்லை. கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அதில் ஆக்சலேட் அதிகம், இளம்புல்லில் இன்னும் அதிகம். ஒரு கிராம் ஆக்சலேட் 0.45 கிராம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுச் சாணத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். மாட்டுக்கு இதே புல் ஒத்துப்போவதற்குக் காரணம், அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்குக் கால்சியம் உறிஞ்சப்படும் இடம் சிறுகுடல், நுண்ணுயிர்கள் வேலை செய்யும் பெருங்குடல் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இதை மாதக்கணக்கில் விட்டால் முகத்து எலும்பு இரண்டு பக்கமும் உப்பி, பல் ஆடி, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டும். பெரியதலை நோய் என்பது அதுதான்.

இன்னொரு பக்கம், 160 கிலோ குட்டிக்கு 3 கிலோ அடர்தீவனம் மிக அதிகம். மாவுச்சத்து குட்டியை வேகமாக எடை போட வைக்கிறது. அந்த எடையைத் தாங்க வேண்டிய வளர்ச்சித் தட்டில் (எலும்பு நீண்டு வளரும் முனைப்பகுதி) தாதுச்சத்து இல்லை. மூட்டு உடுக்கையாவது இந்த இரண்டும் சேர்ந்துதான். தோல் பளபளப்பதை வைத்து எலும்பைக் கணிக்க முடியாது.

மேட்டுத்தோட்டம்:
புரியுதுங்க. அப்போ எதை எவ்வளவு கொடுக்கணும்? பல்லடம் பக்கம் குதிரைமசால் கிடைக்கும், ஆனா தினமும் வராது.

லாயக்கணக்கு:
தினமும் வராது என்றால் காய்ந்ததாக வாங்கி அடுக்குங்கள். ஒரு நாளைக்கு: காய்ந்த குதிரைமசால் 2 கிலோ (பச்சையாக என்றால் 8 முதல் 9 கிலோ, வெட்டியதும் போடாமல் சில மணி நேரம் வாடவிட்டு), காய்ந்த அருகு அல்லது ரோட்ஸ் புல் 1.2 கிலோ, நசுக்கிய ஓட்ஸ் 800 கிராம், கொள்ளு 400 கிராம், டைகால்சியம் பாஸ்பேட் (கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தாதுத்தூள்) 20 கிராம், உப்பு 10 கிராம். இதில் கால்சியம் 37, பாஸ்பரஸ் 16, புரதம் 570 கிராம் சுமாருக்கு வரும். தானியமும் பயறும் சேர்த்து 1.2 கிலோதான். அதையும் மூன்று வேளையாகப் பிரியுங்கள். மக்காச்சோளம் வேண்டாம்.

குதிரைமசால் உண்மையில் வரவில்லை, கோ-4 மட்டும்தான் என்றால்: ஓட்ஸ் 1 கிலோ, கொள்ளு 500 கிராம், அதோடு கால்சைட் தூள் (சுண்ணாம்புக்கல் தூள்) 60 கிராம், டைகால்சியம் பாஸ்பேட் 40 கிராம். இப்படிக் கொடுத்தால் புரதம் சற்றுக் குறையும், அதனால் எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கு 200 கிராம் சேருங்கள். லைசின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் புரதம் எவ்வளவு கொடுத்தாலும் சதையாகாது. சோயாவிலும் கொள்ளிலும் அது உண்டு, எள்ளுப் புண்ணாக்கில் போதாது. கால்சைட் தூளை உலர்ந்த ஓட்ஸில் தூவினால் தொட்டியடியில் தங்கிவிடும். வெந்த கொள்ளை ஈரத்தோடு மசித்துக் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பிசையுங்கள். பசி எடுத்த வேளையில் முதலில் 10 கிராம் கலந்து பழக்கி, ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள்.

தவிட்டையும் மக்காச்சோளத்தையும் உடனே நிறுத்தலாம். புதிதாகச் சேர்ப்பவற்றை மட்டும் 7 முதல் 10 நாளில் படிப்படியாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுவலி வரும்.

டானிக்கைப் பொறுத்தவரை, லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் கால்சியம் என்று பார்த்து, மேலே சொன்ன 29 கிராமோடு ஒப்பிடுங்கள். வைட்டமின் டி கலந்திருந்தால் அளவு மீறக் கூடாது. மிகுந்தால் ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். வெயிலில் நிற்கிற குட்டிக்கு அது தனியாகத் தேவையும் இல்லை.

கொள்ளுப்பானை:
கணக்கு சரிங்க. கொள்ளு பற்றி ஒண்ணு சேர்க்கிறேன். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் இருக்கு, அதனால வேக வைக்கிறதே சரி. 8 மணி நேரம் ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, விரலால் நசுக்கினா மசியற அளவுக்கு வேகணும். அரைவேக்காடா ஊறியும் ஊறாம போட்டா உள்ளே போய் உப்பும், தொண்டையிலேயே அடைக்கவும் செய்யும். வேளைக்கு வேளை வேக வைங்க. காலையில் வெந்தது நம்ம வெயிலுக்குச் சாயந்தரம் புளிச்சிரும். புளிச்சதை மாட்டுக்குப் போட்டாலும் போடுங்க, குட்டிக்கு வேண்டாம். பூசணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கும் ஆகாது, கல்லீரலைக் கெடுக்கும்.

பசுந்தீவனத்துல ரெண்டு எச்சரிக்கை. வேலிமசால் கொடுக்கலாம், சூபாபுல் கூடாது. சூபாபுல் இலையில் இருக்கிற மைமோசின் என்ற நஞ்சு பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர வைக்கும். கோ.எஃப்.எஸ்-29 மாதிரிப் பச்சைத் தீவனச் சோளமும் குதிரைக்கு ஆகாது. சிறுநீர்ப்பை கெட்டு, பின்னங்கால் தள்ளாட ஆரம்பிச்சா திரும்பறது கஷ்டம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல்லுலயும் ஆக்சலேட் உண்டு. அதை மட்டுமே நம்பி மேய்க்கிறவங்களும் கால்சைட் பக்கம் பார்க்கணும்.

மிக முக்கியமானது: கோழித்தீவனம் ஒரு பிடிகூடப் போகக் கூடாது. கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராம இருக்க அதில் மோனென்சின், சலினோமைசின் கலக்கிறாங்க. கோழி தாங்குற அளவு குதிரையின் இதயத் தசையை அழிச்சிரும், மாற்று மருந்து கிடையாது. ஒரே அரவை இயந்திரத்துல கோழித்தீவனமும் குதிரைத் தீவனமும் அரைக்கிற இடத்துல வாங்காதீங்க.

ஆடிச்சந்தை:
மருத்துவரிடம் காட்டாமல் தீவனத்தை மட்டும் மாற்றிவிட்டு இருக்க வேண்டாம். இரண்டு காலிலும் ஒரே மாதிரிப் புடைப்பு என்றால் வளர்ச்சித் தட்டு வீக்கம் என்று எண்ண இடமுண்டு. ஒரு மூட்டு மட்டும் வீங்கி, காய்ச்சலும் அடித்து, காலை ஊன்றாமல் நின்றால் அது மூட்டுக்குள் கிருமி. அன்றைக்கே பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் தட்டின் ஓரம் உதடு போல் பிதுங்கியிருப்பது தெரியும். வலி இருக்கும்வரை கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டுவது கூடாது. மண் தரையில் சிறிய அடைப்பில் விடலாம். குளம்பை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை சமமாகச் சீவுங்கள்.

பட்டினியும் போடாதீர்கள். வீக்கத்தைப் பார்த்துப் பயந்து வெறும் வைக்கோலுக்கு மாற்றினால் புரதமும் தாமிரமும் துத்தநாகமும் நின்றுபோகும், குருத்தெலும்பு எலும்பாக மாற அவைதான் வேண்டும். குறைக்க வேண்டியது மாவுச்சத்தை மட்டும். தாது உப்புக் கலவை வாங்கும்போது செம்மறியாட்டுக்கானதை எடுக்காதீர்கள், செம்மறிக்குத் தாமிரம் நஞ்சாகும் என்று அதில் குறைத்து வைத்திருப்பார்கள்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குட்டி வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்கலாம்: உருண்டு திரண்டு இருக்கிறதா என்பதைவிட முன்னங்கால் மூட்டு நேர்க்கோட்டில் இறங்குகிறதா என்று பாருங்கள். தவிட்டில் ஊதவைத்த குட்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். வயிறு மட்டும் பானையாகி முதுகெலும்பு தெரிந்தால் உருண்டைப் புழு, அது வேறு கணக்கு. புழு நிறைய இருக்கும் குட்டிக்கு ஒரேயடியாகக் கொல்லும் மருந்து கொடுத்தால் செத்த புழுக்களே குடலை அடைக்கும், மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்கட்டும்.

மேட்டுத்தோட்டம்:
நன்றிங்க. தவிட்டை இன்னைக்கு நிறுத்தியாச்சு. எத்தனை நாள்ல வித்தியாசம் தெரியும்?

லாயக்கணக்கு:
சூடும் விறைப்பும் சில வாரங்களில் தணிய வேண்டும். புடைப்பு வடிய மாதங்கள் ஆகலாம். ஞாயிறுதோறும் அதே ஆள், அதே நாடா, மூச்சை வெளியே விடும்போது மார்புச் சுற்றை அளந்து எழுதி வையுங்கள். நாளொன்றுக்கு அரைக் கிலோ அளவில் ஏறினால் போதும். விலாவைக் கண்ணால் எண்ண முடியாமல், கையால் தடவினால் எண்ண முடிகிற நிலையில் குட்டியை வைத்திருங்கள். சூடு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் எக்ஸ்ரே படத்தைப் பெயர் மறைத்து இங்கே போடுங்கள்.