வாட்ஸ்அப் சீட்டுக்கு அல்பிராசோலம் கொடுத்துவிடலாமா? ஆன்லைன் மருந்தகத் தடை பற்றியும் கருத்து தேவை

வைகைக்கரை_மெடிக்கல்ஸ்:
கடை மதுரை கே.கே.நகர் பக்கம். சில்லறை லைசென்ஸ், படிவம் 20, 21 இரண்டும் இருக்கிறது. ஆன்லைனில் மருந்து விற்கும் ஆப்காரர்கள் வீட்டு வாசலிலேயே கொடுப்பதால் வாடிக்கையாளர்கள் நம்மிடமும் "மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்ல போடுறேன், பையன்கிட்ட குடுத்து விடுங்க" என்கிறார்கள். பிரஷர், சுகர் மாத்திரைக்குச் சரி. அல்பிராசோலம் (பதற்றத்துக்கு), சோல்பிடெம் (தூக்கத்துக்கு), டிரமடால் (வலிக்கு) கேட்டால் என்ன செய்வது? மருந்து வணிகர் சங்கத்தில் ஆன்லைன் விற்பனையையே மூடச் சொல்கிறார்கள். ஒழுங்கான விதி வந்தால் போதாதா?

கவுண்டர்_வாசி:
கொடுக்காதீங்க. டோர் டெலிவரிக்கு எல்லோரும் காட்டுவது 2020 மார்ச் 26 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை. கொரோனா ஊரடங்கில் வந்தது. அதிலேயே எச்1, எக்ஸ் அட்டவணை (மருந்து விதிகளில் கூடுதல் கட்டுப்பாடுள்ள பட்டியல்கள்) மருந்துகளையும், போதைப்பொருள் சட்டத்தில் வருபவற்றையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றுமே எச்1-இலும் இருக்கின்றன, போதைப்பொருள் சட்டத்திலும் இருக்கின்றன. டிரமடால் 2018 ஏப்ரலில் அதற்குள் வந்தது. சீட்டுக்கு மட்டும் விற்கும் சாதாரண எச் அட்டவணை மருந்துக்கே நாள்பட்ட நோய் என்றால் சீட்டு எழுதி 30 நாளுக்குள், திடீர் நோய் என்றால் 7 நாளுக்குள் இருக்க வேண்டும்.

எச்1 மருந்துக்குத் தனி ரெஜிஸ்டர். எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, கொடுத்த அளவு. மூன்று வருஷம் பத்திரமாக வைக்கணும். மருந்து இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் ரெஜிஸ்டரைக் கேட்பதில்லை, கொள்முதல் பில்லைக் கேட்பார். 30 அட்டை வாங்கியிருந்தால் 300 மாத்திரை. ரெஜிஸ்டரில் 180 என்றால் அலமாரியில் 120 இருக்கணும். இருபது குறைந்தால் "பையன் எடுத்துட்டுப் போனான், எழுத மறந்துட்டோம்" என்று சொல்லிப் பயனில்லை. டெலிவரியில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: மருந்து மதியம் போகும், ரெஜிஸ்டரை ராத்திரி கடை சாத்தும்போது ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள்.

இன்னொன்று. மருந்து விதிகளில் விதி 65 படி, மருந்து கொடுத்ததும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடைப் பெயர், முகவரி, கொடுத்த தேதி போடணும். திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைதான். அந்த முத்திரை விழுந்தால் சீட்டு செலவாகிவிட்டது என்று அர்த்தம். போட்டோவில் எங்கே முத்திரை குத்துவீர்கள்? அதே படம் காலையில் ஒரு ஆப், மதியம் உங்கள் கடை, சாயங்காலம் கோரிப்பாளையத்தில் இன்னொரு கடை என்று சுற்றி வரும். "15 நாள்" என்பதில் 1-ஐ 4 ஆக்க போன் எடிட்டர் போதும். தாளில் செய்தால் மையின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டக்கட்டு:
மேலே உள்ளது சரி. தடையா, விதியா என்பதற்கு வருகிறேன். 2018 ஆகஸ்ட் 28-இல் மத்திய அரசு மின்-மருந்தக வரைவு விதி வெளியிட்டது. மத்தியப் பதிவு, 50,000 ரூபாய் கட்டணம், மூன்று வருஷ அனுமதி. போதை மருந்து, மனமயக்க மருந்து, அமைதியூட்டி, எக்ஸ் அட்டவணை எதையும் விற்கக் கூடாது என்று அதிலேயே உண்டு. அந்த டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் லைசென்ஸ் இல்லாத ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது. தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் போட்ட வழக்கில், விதி வரும்வரை விற்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதியும் 17-ஆம் தேதி உத்தரவிட்டார். அங்கேயே இரு நீதிபதி டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. வரைவு வரைவாகவே கிடந்தது. 2023 பிப்ரவரியில் இந்திய மருந்து கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி சுமார் 20 நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்.

ஆப்காரர்களின் வாதம்: "நாங்கள் இடைத்தரகர், பில் போடுவது லைசென்ஸ் உள்ள கடை." அந்தக் கடை வேறு மாநிலத்தில் இருந்தால், மதுரை மருந்து கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகம் அங்கே நேரே போய் அலமாரியைத் திறக்க முடியாது, அந்த மாநில அதிகாரிக்கு எழுதிக் காத்திருக்கணும். லைசென்ஸே இல்லாமல் கூரியரில் அனுப்புகிறவனுக்கு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27(பி)(ii) பிரிவில் 3 முதல் 5 வருஷம் சிறை, குறைந்தது ஒரு லட்சம் அபராதம். பெரிய ஆப்களை மூடினால் இவனுக்கு ஒன்றும் ஆகாது, வியாபாரம் கூடத்தான் செய்யும். சங்கத்துக்கு உண்மையில் வலிப்பது ஆப்காரர் கொடுக்கும் தள்ளுபடி, அதை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் நல்லது.

பேரையூரான்:
எல்லோரும் கடைப்பக்கமே பேசுகிறீர்கள். வலிப்பு நோய்க்குக் குளோபசாம் சாப்பிடும் பிள்ளைக்கு அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பும். கணக்குத் தலைவலிக்குப் பயந்து கிராமத்துக் கடைகள் வாங்கியே வைப்பதில்லை. ஆன்லைனும் கிடையாது என்றால் ஒவ்வொரு மாசமும் பஸ் ஏறி ராஜாஜி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரணும். முழுத்தடை கேட்கிறவர்கள் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள்?

கவுண்டர்_வாசி:
நியாயமான கேள்வி அண்ணே. வழி இருக்கிறது, புதுசாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டைக் காட்டினால், இந்த மாச அரிசி வாங்கியாச்சா இல்லையா என்று மிஷினே சொல்லிவிடுகிறது. அதே மாதிரி டாக்டர் எழுதும்போதே சீட்டுக்கு ஒரு எண் விழணும், அதில் மொத்தம் எத்தனை மாத்திரை என்று இருக்கணும். கடையோ ஆப்போ, கொடுக்கக் கொடுக்க மீதி குறையணும். 60-இல் 30 போனால் அடுத்த கடைக்காரருக்கு 30 என்றுதான் தெரியணும். இது வந்துவிட்டால் குளோபசாமை வீட்டுக்கு அனுப்பவும் பயமில்லை. இது இல்லாமல் எந்த விதி போட்டாலும் பழைய போட்டோதான் சுற்றும்.

அதுவரை டாக்டரிடம் சீட்டில் மொத்த எண்ணிக்கையும் "இத்தனை முறை கொடுக்கலாம்" என்பதும் எழுதி வாங்குங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் 20-ஆம் தேதியே சொல்லிவைத்தால், மாசக் கடைசிக்குள் ஏஜென்சியிடமிருந்து வரவழைத்து வைப்பார்.

வைகைக்கரை_மெடிக்கல்ஸ்:
நன்றி. வீடியோ கன்சல்டேஷன் சீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தால்? அப்புறம், திருப்புவனத்துக்கு பிரஷர் மாத்திரை அனுப்பலாம்தானே?

சட்டக்கட்டு:
2020 மார்ச் டெலிமெடிசின் வழிகாட்டுதலில், எக்ஸ் அட்டவணையும் போதைப்பொருள் சட்ட மருந்துகளும் எழுதக் கூடாத பட்டியலில் இருக்கின்றன. அல்பிராசோலத்துக்கு அப்படி வரும் பிரிண்டைத் திருப்பிக் கொடுத்து, டாக்டரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

திருப்புவனம் கூடாது. டோர் டெலிவரி அதே வருவாய் மாவட்டத்துக்குள் மட்டும்தான். உசிலம்பட்டி தூரமானாலும் மதுரை மாவட்டம், அனுப்பலாம். திருப்புவனம் சிவகங்கை மாவட்டம், காரியாபட்டி விருதுநகர் மாவட்டம். பில்லில் முகவரி எழுதும்போதே தாலுகா பெயரையும் கேட்டு எழுதுங்கள்.