வெளிநாட்டில் வளரும் இக்போ பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம்: எதிலிருந்து தொடங்கலாம்?

வண்ணக்கோடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் லண்டனில் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். எங்கள் பகுதியில் நைஜீரியாவிலிருந்து வந்த இக்போ குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு நடத்துகிறார்கள். பெற்றோர்தான் ஆசிரியர்கள், சம்பளம் எதுவும் கிடையாது. 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள், எல்லாரும் இங்கேயே பிறந்தவர்கள். அம்மா இக்போவில் கேட்டால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவர்கள்தான் அதிகம். சிலருக்குக் காதிலும் அவ்வளவாக விழுந்ததில்லை.

இவர்களுக்கு ஒரு புத்தகமும் கொஞ்சம் அட்டைகளும் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எனக்கு இக்போ பேச வராது, அவர்கள் சொல்வதைப் படமாக்குவதுதான் என் வேலை. முதலில் பேசிக்கொண்டது அரிச்சுவடி மாதிரி ஒன்று: 36 எழுத்து, எழுத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு பொருள். வார்த்தைப் பட்டியல் போட உட்கார்ந்தபோதே சிக்கல் வந்துவிட்டது. சில எழுத்துகளுக்கு வார்த்தைகள் குவிகின்றன, சிலவற்றுக்குப் படம் போடுகிற மாதிரி ஒன்றுகூட அகப்படவில்லை. அப்புறம் இரண்டு வாக்குவாதங்கள் ஓயாமல் நடக்கின்றன. ஒரு அம்மா ஒனிச்சா பக்கம், இன்னொருவர் ஒவெரி பக்கம். சந்தைக்கு ஒருவர் அஃபியா என்கிறார், மற்றவர் அஹியா என்கிறார், இப்படி நிறைய. எதை அச்சிடுவது? அடுத்தது, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சுரக்குறிகளை எழுத்தின் மேல் போடலாமா வேண்டாமா என்பது.

இந்தப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியோடு பேச முடியாமல் நிற்கக்கூடாது. பெற்றோர் என்னிடம் சொன்ன நோக்கம் இது ஒன்றுதான், அதனால் இது நன்றாக வரவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. நைஜீரியாவில் வேலை பார்த்தவர்களும் மொழியியல் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள், வழி சொல்லுங்கள்.

ஒலியன்

வார்த்தை அகப்படாததற்குக் காரணம் உங்கள் பட்டியல் இல்லை, அந்த மொழியின் அமைப்பே அப்படி. இக்போவில் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் தொடங்கும், இல்லாவிட்டால் ம், ன் போன்ற மூக்கொலியில் தொடங்கும். வாய் ஓனு, வீடு உலோ, தண்ணீர் ம்மிரி, சாப்பாடு ந்ரி. யாம் கிழங்குக்கு ஜி என்பது போல விலக்குகள் உண்டு, ஆனால் குறைவு. அதனால் ஆங்கில அரிச்சுவடியின் அச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு பொருளைத் தேடினால் கடைசியில் போலு, அதாவது பந்து, மாதிரியான கடன்சொற்களில்தான் போய் நிற்பீர்கள்.

வினைச்சொற்களைப் பாருங்கள், அங்கே நிலைமை தலைகீழ். வினையின் வேர் மெய்யெழுத்தில்தான் தொடங்கும். எனவே 8 உயிரெழுத்துகளுக்கும் பொருள்களை வரையுங்கள், மெய்யெழுத்துகளுக்குச் செயல்களை வரையுங்கள். பியா என்றால் வா. செரே என்றால் பொறு. க்வுசி என்றால் நிறுத்து. க்போ என்றால் கூப்பிடு. ன்யே ம் என்றால் எனக்குக் கொடு. இக்போவை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள், அதில் ‘என்’ (n) எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் நம் ங ஒலி, அதற்குக் குடி என்கிற வினை இருக்கிறது. இதெல்லாம் வீட்டில் பிள்ளை காலையிலிருந்து இரவு வரை கேட்கிற ஏவல்கள், ஏற்கெனவே காதில் இருப்பவை. வகுப்பில் ஒரு பிள்ளை அட்டையை எடுத்து ஏவ, மற்றவர்கள் அதைச் செய்து காட்டலாம், அப்போது ஏவுகிற பிள்ளை வாயைத் திறந்து இக்போ பேசித்தான் ஆகவேண்டும்.

க்பா என்ற வினைக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். க்பா ஓசோ என்றால் ஓடுவது, க்பா எக்வு என்றால் ஆடுவது, க்பா போலு என்றால் பந்து விளையாடுவது. வினை ஒன்றே, கூட வருகிற பெயர் மாற மாறப் பொருள் மாறுகிறது. மொழி முழுக்க இந்த மாதிரி ஜோடிகள் உண்டு, வினையைத் தனியாகப் பிரித்து மனப்பாடம் செய்ய வைத்தால் பிள்ளைக்கு எதுவும் ஒட்டாது.

க்ப் ஒலிக்கும் படம் வேண்டும். உதடும் நாக்கின் பின்பகுதியும் ஒரே சமயத்தில் மூடித் திறக்க வேண்டிய ஒலி அது. ஆங்கிலம் பேசி வளர்கிற பிள்ளைகள் ஒன்று வெறும் ‘ப’ என்பார்கள், இல்லை என்றால் இரண்டாக உடைத்துச் சொல்வார்கள். காலனியக் காலத்து வெள்ளைக்காரர்கள் இபோ என்று எழுதி வைத்ததும் இந்த ஒலி பிடிபடாமல்தான். ஒரு முகத்தைப் பக்கவாட்டில் வெட்டி வரைந்தால் ஆசிரியர்களுக்கும் உதவும்.

இன்னொன்று, உயிரெழுத்துகள் நான்கு நான்காக இரண்டு அணி. ஆங்கில எழுத்துப் பெயரில் சொன்னால், ஏ (a), அடிப்புள்ளி வைத்த ஐ (i), ஓ (o), யூ (u) ஓர் அணி. ஈ (e), புள்ளியில்லாத ஐ, ஓ, யூ மற்ற அணி. எளிய சொற்களில் பொதுவாக ஒரே அணியின் உயிர்கள்தான் சேர்ந்து வரும். புத்தகம் முழுக்க அணிக்கு ஒரு வண்ணம் கொடுத்துவிடுங்கள். விதியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, கண்ணுக்குப் பழகிவிடும்.

எனுகு வாத்தியார்

1970களின் கடைசியில் நைஜீரியாவில் இக்போ மக்கள் வாழும் எனுகு நகரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கே வாத்தியார் வேலைக்குப் போனோம். நைஜீரிய உள்நாட்டுப் போர் 1970இல் முடிந்து ரொம்ப வருடம் ஆகவில்லை, பள்ளிகளை மறுபடி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக அந்த ஜனங்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

வட்டார வழக்குச் சண்டை பழைய சண்டை. மிஷனரிகள் பல வழக்குகளைக் கலந்து ஒரு பொது இக்போ செய்து 1913இல் பைபிளை அச்சிட்டார்கள். யாருடைய தாய்மொழியும் இல்லாத ஒன்றைச் செய்து வைத்தார்கள் என்று நாவலாசிரியர் சினுவா அச்செபே கடைசிவரை அதன்மேல் கோபமாகவே இருந்தார், 1999இல் ஒவெரியில் பேசியபோதும் அந்தக் கோபத்தோடுதான் பேசினார். எழுத்துமுறை தகராறை 1961இல் ஒன்வு குழு ஒருவழியாக முடித்து வைத்தது, உங்கள் 36 எழுத்து அதிலிருந்து வந்ததுதான். பேச்சு வழக்கு மட்டும் ஊருக்கு ஊர் அப்படியேதான் இருக்கிறது, இருக்கட்டும்.

நான் சொல்வது இது. அச்சில் பள்ளிக்கூடத்துப் பொது வழக்கைப் போடுங்கள், இக்போ இசுக்பே என்பார்கள். நாளைக்குப் பிள்ளை வேறு புத்தகம் படிக்க அதுதான் கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காலிக் கட்டம் விட்டு ‘எங்கள் வீட்டில் சொல்வது’ என்று தலைப்புப் போடுங்கள். பிள்ளை பாட்டிக்கு போன் போட்டுக் கேட்டு எழுதட்டும். அஃபியாவா அஹியாவா என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை, பாட்டியோடு பேச ஒரு காரணமும் கிடைத்துவிடும். காலை வணக்கம் சொல்வதுகூட ஊருக்கு ஊர் வேறு, அந்தப் பக்கத்தில் கட்டத்தைப் பெரிதாக விடுங்கள்.

கணக்கு வாத்தியார் என்பதால் எண்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்குப் பள்ளியில் பத்துப் பத்தாகத்தான் எண்ணுகிறார்கள். தாத்தா பாட்டிகளிடம் 20க்கு ஓகு, 400க்கு ந்னு என்கிற பழைய எண்ணிக்கை இருக்கும், பெரிய பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள். எக்கே, ஒரியே, அஃபோ, ந்க்வோ என்று நான்கு நாள் கொண்ட சந்தை வாரம் ஒன்று உண்டு. ஒகெக்கே, ஒகோரியே, ஒகாஃபோர், ஒகோன்க்வோ என்ற பெயர்களெல்லாம் அந்த நாள்களிலிருந்து வந்தவை. உங்கள் வகுப்பிலேயே அந்தக் குடும்பப் பெயருள்ள பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள், தன் பெயர் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை விடவே மாட்டார்கள். ஒக்வே என்று நம் பல்லாங்குழி மாதிரியே குழியும் விதையும் வைத்து ஆடுவார்கள், அதை அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் எண்ணிப் பழகுவது தானாக நடக்கும்.

மழலைக்கூடம்

நான் மழலையர் பள்ளியில் பாடம் எடுப்பவள், இருமொழிப் பிள்ளைகளோடுதான் என் நாள் முழுவதும் போகிறது. ஒலியன் சொன்ன வினைச்சொல் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் எழுத்திலிருந்து தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும், ஆங்கிலம் படிக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது பதில் சொல்லும் பழக்கம். கேட்டுப் புரிந்துகொள்கிற பிள்ளை ஏன் பேசுவதில்லை என்றால் ஆங்கிலத்தில் சொன்னாலும் வீட்டில் காரியம் நடந்துவிடுகிறது.

அதனால் பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கும் புத்தகமாக இதைச் செய்யாதீர்கள். பெரியவருக்கு ஒரு வரி, பிள்ளைக்கு ஒரு வரி என்று இரண்டு பேர் சேர்ந்தால்தான் பக்கம் நகரும்படி அமையுங்கள். இக்போ நாட்டுப்புறக் கதை சொல்லும் முறையே அப்படித்தான். கதைசொல்லி ஒரு குரல் கொடுப்பார், கேட்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பதில் குரல் கொடுத்தால்தான் கதை தொடங்கும், நடுவில் பாட்டு வரும்போதும் கூட்டம்தான் எடுத்துப் பாடும். ம்பே என்கிற ஆமையின் தந்திரக் கதைகள் நிறைய உண்டு, ஒன்றை எடுத்து, பிள்ளைகள் சொல்லவேண்டிய பதில் வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மூன்றாவது பக்கத்துக்குள் அந்த வரி வாயில் வந்துவிடும்.

பாட்டு விஷயத்தில் ஒன்றை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகளின் மெட்டில் இக்போ வார்த்தைகளைப் பொருத்தாதீர்கள், பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் மெட்டு ஒரு பக்கம் ஏற, சொல்லின் சுரம் வேறு பக்கம் இறங்க, வார்த்தையே மாறிப்போகும். பிள்ளை பாட்டை மனப்பாடமாகப் பாடும், ஆனால் தவறான உச்சரிப்பு உள்ளே உட்கார்ந்துவிடும். ஐரோப்பிய மெட்டுக்கு மொழிபெயர்த்த தேவாலயப் பாடல்களிலும் இதே தொல்லை இருந்திருக்கிறது. ஊரில் பிறந்த கைதட்டுப் பாட்டுகளும் நிலவொளி விளையாட்டுப் பாட்டுகளும் அம்மாக்களுக்குத் தெரியும், அவற்றை போனில் பதிவு செய்து புத்தகத்தில் கியூஆர் கோடாகக் கொடுங்கள். நல்ல குரல் வேண்டும் என்று தேடவேண்டாம், பிள்ளைக்குத் தெரிந்த குரலாக இருந்தால் போதும்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் பக்கத்திலும் முகமூடி ஆட்டமும் புதுக்கிழங்குத் திருவிழாவும் மட்டும் இருந்தால், இக்போ என்பது எங்கோ இருக்கிற ஊரின் மொழி என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அவையும் இருக்கட்டும், கூடவே பேருந்தில் போகிற, பல் விழுந்த, தம்பியோடு சண்டை போடுகிற லண்டன் பிள்ளையும் இக்போவில் பேசட்டும்.

வண்ணக்கோடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் ஐயா, காலிக் கட்டத்தைப் பற்றி இன்று பெற்றோரிடம் சொன்னேன், ஒனிச்சா அம்மாவும் ஒவெரி அம்மாவும் ஒரே நேரத்தில் சரி என்றார்கள். ஏவல் அட்டைகளையும் ஆமைக் கதையையும் முதலில் செய்யப் போகிறோம், அரிச்சுவடி அப்புறம். சுரக்குறி மட்டும் பாக்கி. ஒரு அப்பா எல்லா இடத்திலும் குறி வேண்டும் என்கிறார். மற்றவர்கள், ஊரில் செய்தித்தாளில்கூடப் போடுவதில்லை, பிள்ளைகளுக்கு எதற்கு என்கிறார்கள். ஒலியன், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒலியன்

மழலைக்கூடம் சொன்னது சரிதான், பேச்சு முதலில் வரட்டும்.

சுரக்குறிக்கு வருகிறேன். அக்வா என்கிற ஒரே எழுத்துக்கூட்டு, குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்து அழுகை, துணி, முட்டை, கட்டில் என்று நான்காகும். ஊரில் வளர்ந்தவர்களுக்கு இடத்தைப் பார்த்தே தெரிந்துவிடும், அதனால்தான் அங்கே குறியில்லாமல் ஓடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் காது இன்னும் முழுசாக அமையவில்லை, அந்த அப்பாவின் கவலை நியாயமானது. ஆனால் கதையின் ஒவ்வொரு வரியிலும் குறி போட்டால் பக்கம் முள்ளாகிவிடும், புள்ளி எது குறி எது என்று பிள்ளை தடுமாறும்.

அட்டைகளிலும் பின்பக்கத்துச் சொல்பட்டியலிலும் குறி போடுங்கள், கதையில் போடாதீர்கள். குறி போடுவதிலும் எல்லாவற்றுக்கும் போடும் முறை உண்டு, உயர்ந்த சுரத்தைக் குறியில்லாமல் விட்டு மற்றவற்றுக்கு மட்டும் போடும் முறையும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எதை எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே பெரியவர்களுக்கு எழுதிவிடுங்கள். வகுப்பில் குறியைப் பார்த்துச் சுரம் சொல்ல வைக்கவேண்டாம். வாயை மூடிக்கொண்டு சொல்லின் ராகத்தை மட்டும் முனகிக் காட்டி, எந்த அட்டை என்று எடுக்கச் சொல்லுங்கள்.

அச்சுமை

சுரக்குறி போடுவதென்று முடிவு செய்தால் எழுத்துருவை இப்போதே சரிபாருங்கள், வடிவமைப்பு முடிந்தபிறகு பார்த்தால் எல்லாம் இடம் மாறும். அடிப்புள்ளி எழுத்துகளுக்கு யூனிகோடில் தனிக் குறியீடு இருக்கிறது. அடிப்புள்ளியும் மேலே சுரக்குறியும் சேர்ந்த எழுத்துக்கு இல்லை, குறியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நிறைய அலங்கார எழுத்துருக்களில் அந்தக் குறி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். எஸ்ஐஎல் என்ற மொழி அமைப்பு வெளியிட்ட ஆண்டிகா எழுத்துரு புதிதாகப் படிக்கப் பழகுகிறவர்களுக்காகவே செய்தது, இலவசம், இவை சரியாக வரும்.

எந்தச் சொல்லுக்கும் அடிக்கோடு போடாதீர்கள், புள்ளியை அது விழுங்கிவிடும். எழுதிப் பழகும் பக்கத்தில் அடிக்கோட்டை வெளிறிய நிறத்தில் போட்டு அதற்குக் கீழே இடம் விடுங்கள். பெற்றோர் வாட்ஸப்பில் அனுப்பும் பட்டியலை அப்படியே நகலெடுக்க வேண்டாம், போனில் தட்டும்போது பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். கையால் எழுதி வாங்குங்கள், ஒனிச்சாக்காரர் ஒருவரும் ஒவெரிக்காரர் ஒருவரும் மெய்ப்பு பார்க்கட்டும். புள்ளியும் குறியும் சேர்ந்து வருகிற சொற்களாகப் பொறுக்கி ஒரு மாதிரிப் பக்கம் செய்து, வகுப்பில் இருக்கும் சாதாரண பிரிண்டரில் எடுத்துப் பாருங்கள். அதில் புள்ளி தெளிவாக விழுந்தால் எங்கேயும் விழும்.