கட்டிட வேலையில் டிஜிட்டல் கருவிகள்: சைட்டில் நீங்கள் பார்த்தது என்ன?

தரமணி இன்ஜினியர்:

கட்டிட வேலைக்குப் புதுசு புதுசாகக் கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன. விற்பவர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டாகிவிட்டது. சைட்டில் நிற்பவர்கள், வீடு கட்டுபவர்கள், கூலி வாங்குபவர்கள் கண்டதைக் கேட்கத்தான் இந்த இழை. என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனைக் கட்டிடத்தில் பிம் மாடலை, அதாவது கட்டிடம் முழுவதையும் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக உருவாக்கிய மாதிரியை, வைத்து முழுசாக வேலை செய்தேன். ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்னென்ன போகும் என்று நினைத்துப் பாருங்கள்: ஏசி டக்ட், ஸ்பிரிங்ளர் லைன், கேபிள் டிரே, ஆக்சிஜன் பைப், கழிவுநீர்க் குழாய். ஒவ்வொன்றுக்கும் தனி டிராயிங், அதைப் போட்டதும் தனித்தனி ஆபீஸ். தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஒன்றோடொன்று முட்டுவது ஸ்லாப் போட்ட பிறகுதான் தெரியவரும். அப்புறம் கோர் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து பீமைத் துளைப்பார்கள். உள்ளே கம்பி அறுபட்டாலும் பூசி மறைத்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் இதைப் பார்த்து வெறுத்துப்போனவன் நான்.

மாடலில் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றியதும் டக்ட் பீமில் மோதும் இடங்கள் சிவப்பாகத் தெரிந்தன. ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் சரிபார்த்துக் கொடுத்த இடங்களில், சென்ட்ரிங் அடிக்கும்போதே ஸ்லீவ் (குழாய் போக வழிவிடும் உறை) வைத்துவிட்டோம். அந்தத் தளத்துக்குக் கோர் கட்டிங் மெஷின் ஏறவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளம்பிங் மேஸ்திரியிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். விரலால் மாடலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், பைப் போகுது, சரி. இந்த ஃபிளாஞ்ச் போல்ட்டை எப்படி முடுக்குறது? ஸ்பேனரோட கை நுழைய இடமே இல்லையே" என்றார். சாஃப்ட்வேர் கணக்கில் அங்கே எந்த மோதலும் இல்லை. அவர் சொன்ன பிறகு அந்த லைனைக் கொஞ்சம் தள்ளிப் போட்டோம். அதற்கப்புறம் சென்ட்ரிங், கம்பி, பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் மேஸ்திரிகளை உட்காரவைத்து மாடலைக் காட்டாமல் எந்தத் தளத்தின் டிராயிங்கையும் நான் சைட்டுக்கு விடுவதில்லை. லட்சக்கணக்கில் சாஃப்ட்வேர் வாங்கி, அதை ஆபீசுக்குள்ளேயே வைத்துக்கொள்பவர்கள் பாதி பலனை விட்டுவிடுகிறார்கள்.

புதுக்கோட்டை சிங்கப்பூர்:

இன்ஜினியர் சார், இங்கே அது எப்போதோ கட்டாயமாகிவிட்டது. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டிடம் என்றால் அனுமதிக்கான பிளானையே பிம் மாடலாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூரின் கட்டிட ஆணையம் 2015லேயே கொண்டுவந்துவிட்டது.

நான் ஊரில் கொத்தனார் வேலை பழகியவன். இங்கே வந்து இப்போது லிஃப்டிங் சூப்பர்வைசர். நான் பார்த்ததில் பெரிய மாற்றம் பிபிவிசி, அதாவது அறை அறையாக ஃபேக்டரியில் செய்து கொண்டுவந்து அடுக்குவது. 2014 முதல் அரசு விற்கும் சில நிலங்களில் இந்த முறையில்தான் கட்ட வேண்டும் என்று நிபந்தனையே உண்டு. கிளமெண்டி பக்கம் கிளெமென்ட் கேனப்பி என்று 40 மாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதை இப்படிச் செய்த ஏறக்குறைய 1,900 அறைக் கூடுகளை, அதாவது மாட்யூல்களை, வைத்து எழுப்பினார்கள். கான்கிரீட் கூடு மலேசியாவில் வார்க்கப்பட்டு, இங்கே துவாஸில் மீதி வேலை முடிந்து, அப்புறம்தான் சைட்டுக்கு வந்தது.

டிரெய்லரில் ஒரு மாட்யூல் வந்து நிற்கும்போது ஜன்னல், பாத்ரூம் டைல்ஸ், பெயின்ட் எல்லாம் முடிந்திருக்கும். கிரேன் தூக்கி இறக்கும்போது ஒன்றின் சுவருக்கும் அடுத்ததன் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி விரல் அகலம்கூட இல்லை. கீழ்த்தளத்தில் சில மில்லிமீட்டர் தவறினால் மேலே போகப் போக அது கூடிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு தளம் வைத்ததும் சர்வேயர் டோட்டல் ஸ்டேஷனில் (தூரமும் கோணமும் துல்லியமாக அளக்கும் கருவி) அளந்து 'சரி' சொல்லும்வரை அடுத்ததைத் தூக்க மாட்டோம். தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய கண் எனக்கு. இங்கேயும் அந்தக் கண் வேலை செய்கிறது. மாட்யூல் கொஞ்சம் சாய்ந்து தொங்கினாலே தெரிந்துவிடும், உடனே நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

வெயிலில் சாரத்தில் நின்று செய்த வேலை கூரைக்குக் கீழே போய்விட்டது. உயரத்திலிருந்து விழும் பயம் குறைந்திருக்கிறது. என்னைக் கேட்டால் மற்ற எதையும்விட இதுதான் பெரிசு.

மஸ்கட்வாசி:

எங்களுக்கு அவ்வளவு பெரிய கதை இல்லை. கும்பகோணம் பக்கம் வீடு கட்டினோம், நான் இங்கே. சைட்டில் சிம் போட்ட கேமரா வைத்தேன். மேஸ்திரிக்கு முதலில் வருத்தம்தான், "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கேட்டார். கேமரா எதிரே இருக்கிறதே என்று ஆட்கள் முகம் கொடுத்துப் பேசுவதும் குறைந்தது. ஒரு மாதத்தில் கழற்றிவிடச் சொன்னேன்.

அதைவிட ஆயிரம் மடங்கு உதவியது அவரே வாட்ஸப்பில் அனுப்பிய படங்கள். சுவர் பூசும் முன் ஒவ்வொரு சுவரையும், கன்சீல்டு பைப்பும் எலெக்ட்ரிக் குழாயும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் டேப்பைப் பிடித்து எடுக்கச் சொல்லியிருந்தேன். ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் கம்பியும், அதைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கும் தெரிகிற படங்களும் உண்டு. இப்போது வீட்டில் ஆணி அடிக்க வேண்டுமானால் அப்பா அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறார். கீசர் மாட்ட வந்தவர் அதைப் பார்த்து அசந்துபோய்விட்டார். செலவு ஒரு பைசா இல்லை. வீடு கட்டுகிற எல்லோரும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

ஆர்எம்சி ஆள்:

நான் ரெடிமிக்ஸ் பிளான்டில் குவாலிட்டி பார்க்கிறேன். மஸ்கட்வாசி சொன்னதேதான் கான்கிரீட்டுக்கும். பூசி மூடிய பிறகு யாரும் உள்ளே பார்க்க முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அதை மறக்கக் கூடாது.

இன்று ஒவ்வொரு லாரிக்கும் பேட்ச் ஷீட் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர், அட்மிக்ஸ்சர் எவ்வளவு கேட்டது, எவ்வளவு விழுந்தது என்று இரண்டு கட்டங்களாக இருக்கும். கீழே ஏற்றிய நேரம் இருக்கும். ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. லாரி எங்கே டிராஃபிக்கில் நின்றது என்பதை ஜிபிஎஸ் காட்டிவிடும். ஆனால் சைட்டுக்கு வந்தபின் "இளக்கமா இல்லை" என்று ஹோஸைப் பிடித்து டிரம்முக்குள் தண்ணீர் விடுகிறார்களே, அது எந்த ஷீட்டிலும் ஏறாது. அங்கே ஒரு ஆள் நின்று தடுத்தே ஆக வேண்டும். ஷீட்டை வாங்கி மடித்துப் பையில் வைக்காமல், தண்ணீர்க் கட்டத்தையும் நேரத்தையும் படியுங்கள். ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், பாருங்கள். அதே கான்கிரீட்டில் மாதிரிக் க்யூப் எடுத்து 28ஆம் நாள் உடைத்து வலிமையைப் பாருங்கள்.

திருச்சி பிளான்:

பிளான் அப்ரூவல் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம் மட்டுமோ, அதோடு மேலே ஒரு மாடியுமோ உள்ள வீடு கட்ட, சுயசான்று அடிப்படையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது பெரிய விடுதலை. ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டாவும் புலப்படமும் போனில் வந்துவிடுவதால் மனை அளவும் அதேதான் என்று இருந்துவிடாதீர்கள். பழைய சர்வே கல் காணாமல்போன தெருக்கள் ஏராளம். அஸ்திவாரம் தோண்டும் முன் நேரில் அளந்து, பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தாள் மகள்:

எங்கம்மா இருபது வருஷத்துக்கும் மேல் சித்தாள் வேலை செய்தவர். சிமென்ட் கலவை அள்ளி அள்ளி விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை விழாது. சைட்டில் விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின் வந்தபோதும் அதே கதி. காலையில் வரிசையில் நின்று, துடைத்துத் துடைத்து வைத்தும் "மறுபடி முயற்சிக்கவும்" என்றே வரும். பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். யாருக்காக இந்த மெஷினை வாங்கினார்களோ, அவர்கள் கையை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் வேறொரு பெரிய சைட்டில் முகத்தைப் பார்த்துக் கேட் திறக்கிற கருவி வைத்தார்கள். அங்கே சப் கான்ட்ராக்டர் ஒருத்தர், அம்மா வராத நாள் என்று சொல்லிச் சில நாள் கூலியைப் பிடித்தார். நான் போய்க் கேட் பதிவைக் கேட்டேன். அந்த நாட்களில் அம்மா உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் இருந்தது. பிடித்த கூலி வந்துவிட்டது. அதனால் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதிவு வேலை செய்பவர் கைக்கும் வர வேண்டும். இப்போது கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது. கேட்கத் தெரிந்த பிள்ளை இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்?

கட்டிடத் தொழிலாளர் நலவாரியப் பதிவும் ஆன்லைன்தான். புதுப்பிக்கிற தேதி தவறினால் உதவிகள் நின்றுபோகும். அதனால் எங்கள் தெருவில் கட்டிட வேலைக்குப் போகிற அக்காக்கள் எல்லோருடைய தேதியையும் என் போனில் போட்டு வைத்திருக்கிறேன்.

பெங்களூர் ரமேஷ்:

3டி பிரிண்டிங் பற்றி யாரும் எழுதவில்லையே! ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் 2021ல் 600 சதுர அடி வீடு, இங்கே அல்சூரில் 2023ல் 1,021 சதுர அடி தபால் நிலையம், அதுவும் 43 நாளில். அந்தத் தபால் நிலையத்துக்கு நான் போயிருக்கிறேன். சுவரில் வரி வரியாக அடுக்கு தெரிகிறது, தொட்டால் கைக்குத் தட்டுப்படுகிறது. கொத்தனார் வேலை போய்விடுமா என்று என்னோடு வந்த மேஸ்திரி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

புதுக்கோட்டை சிங்கப்பூர்:

பிரிண்டர் போடுவது சுவரைத்தான் ரமேஷ். வயரிங், பிளம்பிங், கதவு ஜன்னல், தரை எல்லாம் ஆள் கையில்தான். அந்த மேஸ்திரியிடம் டோட்டல் ஸ்டேஷன் பிடிக்கவும் போனில் டிராயிங் பார்க்கவும் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் இங்கே வந்து கற்றுக்கொண்டவை அவை இரண்டும்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் உட்காருகிறேன்.

தரமணி இன்ஜினியர்:

சித்தாள் மகள், எங்கள் சைட்டிலும் முகம் பார்க்கிற கேட்தான். மாதக் கடைசியில் வருகைப் பதிவை ஒவ்வொருவர் போனுக்கும் அனுப்ப முடியுமா என்று மென்பொருள் ஆட்களிடம் கேட்டேன். முடியுமாம், இதுவரை யாரும் கேட்டதில்லையாம். போன் இல்லாதவர்களுக்கு அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.