அண்ணன் வீட்டில் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு: இது சோம்பலா, இல்லையா?

பண்டாரவளையான்
போன ஞாயிறு தலவாக்கலையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோவில் வாங்கிய பணிஸ், பகலுக்குச் சோத்துப் பார்சல், ராத்திரிக்குக் கொத்து ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை கூட! பருப்பு டின்னைத் திறந்து பார்த்தால் வண்டு. தேங்காய் துருவியில் துரு ஏறியிருக்கிறது.

நம் அம்மாமார் விடியக்காலை நாலரைக்கு எழுந்து, ஈரத் தேயிலை மிலாறுக் குச்சியை ஊதி ஊதிப் பற்றவைத்து, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து வைத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவர்கள். இப்போது கேஸ் இருக்கிறது, ரைஸ் குக்கர் இருக்கிறது, பிளெண்டர் இருக்கிறது. அண்ணியும் அலுவலக வேலைதான், கொழுந்துக் கூடை சுமக்கவில்லை. இதற்குச் சோம்பல் என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

கந்தப்பளை அக்கா
தம்பி, அம்மா நாலரைக்கு எழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதைக் காணவில்லையே?

நான் 11 வருசம் கொழுந்து எடுத்தவள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, ஓடுவதற்கு முன்னால் காலைக்கும் பகலுக்கும் சேர்த்துச் சமைத்து முடிக்க வேண்டும். பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட வேண்டும். அதற்குமேல் கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. 2024 செப்டம்பரில்தான் நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்தது, அதற்கே எத்தனை வருசப் போராட்டம். அந்த அடுப்பைப் பற்றி நீங்கள் கவிதை மாதிரி எழுதுகிறீர்கள். எனக்கு ஞாபகம் இருப்பது புகை. சன்னல் இல்லாத காம்பராவில் அம்மா இருமிக்கொண்டே ரொட்டியைத் திருப்புவார். ஐம்பது வயதுக்குள் அவருக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது.

அந்த ரொட்டியும் ஒன்றும் நம் பூட்டன் காலத்துச் சாப்பாடு இல்லை. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருவது. மலிவாகக் கிடைத்ததைத்தான் சுட்டுத் தின்றோம்.

லீக்ஸ்காரன்
இரண்டு பேருக்கும் என் செலவில் ஆளுக்கொரு பார்சல். கோழியா, முட்டையா?

ராகலை வாத்தியார்
சண்டைக்கு நடுவில் ஒரு விசயம். நம் பக்கத்தில் சமைப்பதே கீழ்நாட்டுச் சமையல் மாதிரி இல்லை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏறும் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை குறைவதால், இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. கடலையையும் கௌப்பியையும் ராத்திரி முழுக்க ஊறப்போட்டாலும் திறந்த சட்டியில் லேசில் வேகாததற்கு இதுதான் காரணம். பிரஷர் குக்கர் வாங்கினால் உள்ளே 110 பாகையைத் தாண்டும், நேரமும் கேஸும் பாதியாகும். தோசை மாவு இந்தக் குளிரில் புளிக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மாவுச் சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்படியில் வைப்போம். கொழும்பில் இருந்துகொண்டு 'அரை மணியில் கடலைக் கறி' என்று வீடியோ போடுகிறவர்களை நம்பி யாரும் விருந்துக்கு ஆள் கூப்பிட வேண்டாம். எனக்கு நடந்திருக்கிறது.

ஹட்டன் கடை
நான் சாப்பாட்டுக் கடைக்காரன், அதனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். கடைச் சாப்பாடு என்றதும் ஏதோ மெசினில் இருந்து கொட்டுகிற மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் கடையில் நாலு மணிக்கு அடுப்பு பற்றும். நானும் என் மனைவியும் ஒரு பையனும்தான். 40 பேருக்குச் சேர்த்துப் பருப்பு வேகவைப்பதும் நாலு பேருக்கு வேகவைப்பதும் ஒன்றல்ல, ஆளுக்கு விழும் கேஸ் செலவு குறைவு. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அந்தக் காசைக் கையில் வைத்திருந்தாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. கடைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம். அப்போது எங்களிடம் வாங்கிப் போன வீடுகளை நான் சோம்பேறி வீடு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். பகல் பதினொரு மணிக்குக் கட்டிய பார்சலை ராத்திரி ஏழுக்குப் பிரித்துச் சாப்பிடாதீர்கள். சோறு வெந்தாலும் சாகாத ஒரு வகைப் பற்றீரியாவின் வித்து அதில் இருக்கும். மிதமான சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் அது பெருகி நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வாடிக்கையாளர் மூன்று பார்சல் கேட்டால், 'எப்போது சாப்பிடப் போகிறீர்கள்' என்று கேட்டுத்தான் கட்டுவேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பண்டாரவளையான்
சரி அக்கா, அப்பா ஆறு மணிக்குத்தான் எழுந்தார். தேத்தண்ணி கைக்கு வந்த பிறகு. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. கரட் விளைகிற ஊரில் இருந்துகொண்டு கரட்டைத் தொட மாட்டான், போஞ்சியைக் கண்டால் எழுந்து ஓடுகிறான். பசித்தால் தானே நூடில்ஸ் கிண்டிக்கொள்கிறான். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு என்று கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரிய ஆளுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. இவன் சில நாள் இரண்டு பாக்கெட் முடிக்கிறான். ஹட்டன் அண்ணனின் பருப்பை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பாக்கெட்டும் கொத்தும் தினமும் என்பதுதான் என் சண்டை.

கந்தப்பளை அக்கா
நூடில்ஸ் விசயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் முதல் பதிவில் அண்ணியின் வேலையை எடைபோட்டீர்கள். அண்ணன் என்ன வேலை, எத்தனை மணிக்கு வருகிறார் என்று ஒரு வரி இல்லை. அவருக்குக் கையில்லையா? ஞாயிறு முழுக்க அங்கே இருந்த நீங்கள் என்ன சமைத்துக் கொடுத்தீர்கள்? வண்டைப் பார்த்ததோடு சரியா?

லீக்ஸ்காரன்
கோழிப் பார்சலை வாபஸ் வாங்குகிறேன். இங்கே காரம் கூடிவிட்டது.

போர்டிங் பொடியன்
நான் பொகவந்தலாவை, இப்போது கொழும்பில் துணிக்கடையில் வேலை. முதல் ஆறு மாதம் கடைச் சாப்பாடுதான், சம்பளத்தில் பாதி அதற்கே போனது. அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, போனைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சமைக்கப் பழகினேன். வெங்காயம் வதங்குகிற சத்தத்தைக் கேட்டே, 'இப்ப மிளகாத்தூள் போடு, அடுப்பைக் குறை' என்பார். ஒருமுறை கறி அடிப்பிடித்ததை அங்கிருந்தே கண்டுபிடித்தார். இப்போது ராத்திரியில் நாங்கள் ஐந்து பொடியன்கள் முறைவைத்துச் சமைக்கிறோம். பகலுக்குப் பார்சல்தான், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பண்டாரவளையான்
அக்காவின் கேள்வி சுட்டது. நேற்று லீவு, மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போய் நானே ரொட்டி சுட்டேன். அண்ணனை வெங்காயம் உரிக்க வைத்தேன், முனகிக்கொண்டே உரித்தான். சம்பல் பரவாயில்லை. ரொட்டிதான் ஓட்டுத் துண்டு மாதிரி வந்தது. அண்ணி ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியில் ஊறப்போட்டுத் தின்றார். மகன் அதைச் சுவரில் தட்டிக் காட்டினான்.

கந்தப்பளை அக்கா
பச்சைத் தண்ணியில் பிசைந்திருப்பீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணி விடுங்கள், கையில் ஒட்டுகிற பதத்துக்கு இருக்கட்டும். ஈரத்துணி போட்டு அரை மணி மூடி வையுங்கள். கல் சூடேறியதும் அடுப்பைக் குறைத்துவிட்டுச் சுடுங்கள். அப்புறம், அரைக் கிலோ மாவுக்கு அரைத் தேங்காயாவது போட்டால்தான் மெத்தென்று வரும்.

பண்டாரவளையான்
தேங்காய் விற்கிற விலையில் அரைத் தேங்காயா அக்கா?

கந்தப்பளை அக்கா
அப்போ கால் தேங்காய். கரட் ஒன்று துருவிப் போடுங்கள், பையனிடம் சொல்ல வேண்டாம்.