புதுப்பிப்பு: பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்

செவித்திறன் குறைந்த பெண் குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கிறோம், சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள், என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். எடுத்துவிட்டோம்!

நடைமுறையைப் பலர் கேட்டீர்கள். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) தளத்தில் பதிவு, வீட்டாய்வு எல்லாம் மற்றவர்களுக்குப் போலத்தான். ஆனால் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு; வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவ அறிக்கை வந்ததும் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எங்களுக்கு வந்ததில் விவரம் குறைவு. பெரா (BERA) என்ற செவித்திறன் டெஸ்ட் எடுத்த பிறகுதான் எந்தக் காதில் எவ்வளவு குறை என்று தெரிந்தது. 2022-இலிருந்து தத்தெடுப்பு ஆணையைக் கலெக்டரே தருகிறார், கோர்ட் அலைச்சல் இல்லை.

காது மெஷின்தான் பெரும்பாடு. மாட்டிய கையோடு கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுகிறாள். நேற்று குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு விசில் வரட்டும், இன்னொன்று வரட்டும் என்று மாமியார் அடுப்பை அணைக்கவே இல்லை, பருப்பு கூழாகிவிட்டது. (முதலில் வேண்டாம் என்றவரே அவர்தான்.)

அடுத்து காக்ளியர் ஆபரேஷன் (உள்காதில் கேட்கும் கருவி பொருத்துவது) தேவையா என்று பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொண்டவர்கள் இருந்தால், அப்புறம் பேச்சுப் பயிற்சி எப்படிப் போனது என்று சொல்லுங்களேன்.