மே மாசம் வந்தாலே வானத்த பாத்துட்டே இருக்கோம்: உங்க டொர்னடோ (சுழல்காத்து) அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். 2013-ல அமெரிக்கால ஓக்லஹோமா நார்மன்ல இருந்தோம், அந்த மே மாசம் அம்மா நாகப்பட்டினத்துலேர்ந்து வந்திருந்தாங்க. புயல பாத்தே வளந்தவங்க. டிவில டொர்னடோ வாட்ச்னு ஓடினதும் அவங்க கேட்ட மொத கேள்வி, "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருக்காங்க?" நம்ம பக்கம் புயல்னா கடல்ல கெளம்பி கரைக்கு வர ரெண்டு மூணு நாள் ஆகும், அரிசி, மண்ணெண்ணெய்லாம் வாங்கி வெச்சிக்கலாம், இங்க ரெண்டு மணிக்கு வெயிலடிக்கும் மூணு மணிக்கு தெருவே இருக்காதுன்னு அவங்களுக்கு எப்படி சொல்றது.

மே 20, திங்கக்கிழமை. காலைலேர்ந்தே காத்து பிசுபிசுன்னு இருந்துச்சு, அம்மா கூட "கடக்கர காத்து மாதிரி இருக்கே"ன்னாங்க. அவங்க சொன்னது சரிதான், மெக்சிகோ வளைகுடாலேர்ந்து ஏறி வர்ற ஈரக்காத்து அது. மேற்கேர்ந்து வர்ற வறண்ட காத்தும் இதுவும் சந்திக்கிற எடத்துல மேகம் கிடுகிடுன்னு எழும்பும், மேல போகப்போக காத்தோட வேகமும் திசையும் மாறிச்சுன்னா அந்த மேகமே சுத்த ஆரம்பிச்சிடும். மத்தியானம் 2:40-க்கு வார்னிங் வந்துச்சு, 2:56-க்கு நியூகாசில் பக்கம் டொர்னடோ தரைய தொட்டுடுச்சு. எங்க பின்பக்க ஜன்னல்லேர்ந்து வடக்கால பாத்தேன். படத்துல காட்டுற மாதிரி தும்பிக்கையெல்லாம் தெரியல, கரி பூசுன செவுரு ஒண்ணு வானத்துக்கும் தரைக்குமா நிக்குது, அவ்ளோதான். ஜன்னல விட்டு நகரவே மனசு வரல எனக்கு, அம்மாதான் கையப் புடிச்சு இழுத்து உள் கிளாசெட்டுக்கு (துணிமணி வெக்கிற சின்ன ரூம்) கூட்டிட்டுப் போனாங்க. டிவி சத்தம் மட்டும் கேக்குது, தெரு பேர் சொல்லி சொல்லி இப்ப இங்க இருக்கு, அடுத்து அங்க போகுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, எல்லாமே பக்கத்து ஊரு மூர்ல நாங்க வாராவாரம் போற ரோடு. 39 நிமிஷம் தரையில இருந்துச்சு. 24 பேர் போயிட்டாங்க, அதுல 7 பேர் பிளாசா டவர்ஸ் ஸ்கூல் பிள்ளைங்க. அந்த ஸ்கூல்ல அப்ப பாதுகாப்பு அறை இல்ல. அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

பதினோரு நாள் கழிச்சு எல் ரீனோ ஊர் பக்கம் இன்னொரு டொர்னடோ. அந்த பயத்துல ஊரே கார எடுத்துட்டு தெக்கால கெளம்பிடுச்சு, நாங்களும்தான், ஹைவேல ஒரு மணி நேரம் இஞ்ச் நகரல, மின்னல் தலைக்கு மேலயே வெட்டுது. பாதிலயே திரும்பி வீட்டுக்கு வந்துட்டோம். அன்னிக்கு அதோட அகலம் 4 கிலோமீட்டருக்கு மேல. அந்த டொர்னடோல இறந்த எட்டு பேருமே வண்டில இருந்தவங்க, இருபது வருஷத்துக்கு மேல இதையே ஆராய்ச்சி பண்ண டிம் சமாராஸும் அதுல ஒருத்தர்.

* * *

அக்கா, படிச்சதும் எனக்கு 2011 ஏப்ரல் 27 அப்படியே கண்ணு முன்னாடி வந்துடுச்சு. நாங்க அலபாமா ஹன்ட்ஸ்வில். விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ, நாள் பூரா சைரன் சைரன் சைரன். மூணாவது தடவ ஊதுனப்ப பையன் "போதும்ப்பா, நான் வரல"ன்னு சோஃபாலயே படுத்துட்டான், தூக்கிட்டு ஓடினேன். அந்த ஒரு நாள்ல மட்டும் 200-க்கு மேல டொர்னடோ. பெரிய மின்கம்பி கோபுரமெல்லாம் சாஞ்சு நாள்கணக்குல கரண்ட் இல்ல, போன் சார்ஜ் போச்சு, ஊர்ல அப்பா அம்மா மூணு நாள் எங்க குரல கேக்காம தவிச்சாங்க. பேட்டரி ரேடியோ ஒண்ணு மட்டும்தான் வெளி உலகம் எங்களுக்கு. இப்பவும் அது கிளாசெட்லயே இருக்கு.

* * *

நாங்க டாலஸ் வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. மொத புதன்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு சைரன் ஊதுச்சு, கைக்கொழந்தைய தூக்கிட்டு பாத்டப்புல உக்காந்துட்டேன், அப்புறம்தான் அது மாசாமாசம் பண்ற டெஸ்ட்டுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. வாட்ச்சுக்கும் வார்னிங்குக்கும் என்ன வித்தியாசம் அக்கா? எங்களுது அபார்ட்மென்ட், ரெண்டாவது மாடி.

* * *

நீ செஞ்சது சரிதான்மா, சைரன் கேட்டா மொதல்ல உள்ள போகணும், டெஸ்டான்னு அப்புறம் கேக்கலாம். வாட்ச்னா வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு, சில மணி நேரம் கவனமா இருன்னு. வார்னிங்னா ரேடார்லயோ கண்ணுலயோ பாத்தாச்சு, உடனே போ. ரெண்டாவது மாடில இருக்காத, கீழ் வீட்டுக்காரங்ககிட்ட இன்னிக்கே பேசி வை, அவங்க வீட்ல ஜன்னல் இல்லாத பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்துக்கோ. எல்லாருக்கும் ஷூ அங்கயே இருக்கட்டும், வெளில வரும்போது தரையெல்லாம் கண்ணாடியும் ஆணியுமாதான் இருக்கும். சைக்கிள் ஹெல்மெட் இருந்தா போட்டுக்கோ. கொழந்தைக்கு கார் சீட்டையே உள்ள எடுத்துட்டுப் போய் பெல்ட்டு போட்டு உக்கார வை, மேல கெட்டி கம்பளி.