ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை

கேள்வி: கணவருக்கு வேலை போனதிலிருந்து, முழங்காலில் நின்றால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. முன்பெல்லாம் நீளமாக ஜெபிப்பேன். இதுவும் ஜெபம்தானா?

பதில்: சந்தேகமே வேண்டாம், சகோதரி. வேதாகமத்தில் ரோமர் 8:26 பாருங்கள். ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார். அம்மா ஐசியூவில் இருந்தபோது எனக்கும் சொந்த வார்த்தை வரவில்லை. 13-ஆம் சங்கீதத்தை, தாவீது ராஜாவின் ஜெபப் பாட்டைத்தான், முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறார், கிட்டத்தட்ட சண்டைதான்! பயம் போகவில்லை, ஆனால் டாக்டரிடம் நிதானமாகப் பேச முடிந்தது.

இன்னொரு பதில்: சரி, ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா? சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19).

கேட்டவர்: நன்றி அண்ணா. தாவீதைப் போல ஆண்டவரிடம் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இன்றிரவு கணவரோடு சேர்ந்து அந்தச் சங்கீதத்தை வாசிக்கிறேன்.